கூட்டு என்றால் கூட்டுவதுதான்

என்னோடு வேலை பார்த்தவர்களில் யாருக்காவது மனதாரக் கெடுதல் நினைத்திருக்கிறேனா என்று கேட்டால், ஒரே ஒருவருக்கு நினைத்திருக்கிறேன். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்கிற ஆள் அவர்.

அவிநாசி ரோட்டில் கருமத்தம்பட்டிக்குச் சற்று முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு சர்வர், அவர், அப்புறம் நான். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, அளவாக வெட்டிய மீசை, மேஜையில் எந்நேரமும் சீரகத் தண்ணீர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவரிடம் திட்டு வாங்கியவர்கள்கூட அது திட்டு என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் பாஸ்வேர்டு அடிப்பதை ஒருமுறை பார்த்தால் போதும், ஆளைப் புரிந்துகொள்ளலாம். அந்த சர்வரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடியது. லினக்ஸில் 'ரூட்' என்று ஒரு பயனர் உண்டு. மற்ற பயனர்கள் எல்லாம் குடியிருப்பவர்கள் என்றால் ரூட் வீட்டுக்காரர். எதை வேண்டுமானாலும் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம், யாரை வேண்டுமானாலும் உள்ளே விடலாம், வெளியே தள்ளலாம். அந்தப் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை அடிக்க வேண்டிய நேரம் வந்தால் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, அந்த வேப்பமரத்துல என்னமோ குருவி கத்துதுங்களே, சித்தெ பாருங்க" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்புவேன். ஆடிட்டர் வந்தாலும் குருவிதான், எம்.டி. வந்தாலும் குருவிதான். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அந்த மரத்தைப் பார்த்தபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த வரையில் அந்த மரத்தில் குருவி இருந்ததில்லை.

"ரூட்டுன்னா வேருங்க அம்மணி. வேரு வெளிய தெரிஞ்சா மரம் பட்டுப்போயிருமுங்க" என்று சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் அந்த வேலைக்குப் போனது குழந்தை பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்த பிறகு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்திருந்தேன். படித்ததில் பாதி மறந்திருந்தது, மீதிப் பாதி பழசாகியிருந்தது. வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். காலையில் காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கருமத்தம்பட்டிக்கு இன்னொன்று. பையன் எழுந்திருப்பதற்குள் கிளம்பி, அவன் தூங்கிய பிறகு திரும்பிய நாட்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து அவன் ஒரு கணம் விழிப்பான். பிறகுதான் சிரிப்பான். அந்த ஒரு கணத்துக்காகவே வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. அதுதான் அவரிடம் இருந்த விஷம். சர்வர் எப்படி எழுந்திருக்கிறது, எப்படித் தூங்கப்போகிறது, பேக்கப் எடுப்பது எப்படி என்று எதைக் கேட்டாலும், "சொல்லித் தாரேனுங்க, அதுக்கென்னங்க" என்பார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒரு போன் வரும், அல்லது அவரே ஒரு போன் செய்வார். மறுநாள் நினைவூட்டினால், "அட ஆமாங்க, மறந்துபோட்டனுங்க, நாளைக்கு உக்காந்துக்கலாமுங்க" என்பார். அந்த அறையில் நான் இருந்த காலம் முழுக்க அந்த நாளை வரவில்லை.

என் லாகினுக்கு அவர் கொடுத்திருந்தது படிக்கும் அனுமதி மட்டும். ஃபைலைத் திறந்து பார்க்கலாம், கை வைக்க முடியாது. இன்டர்நெட் கிடையாது. போனை வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "செக்யூரிட்டிங்க, எனக்கும் அதே சட்டந்தானுங்க" என்று தன் போனையும் அதில் போடுவார். அவருக்கு இன்னொரு போன் இருந்தது.

ஒரு ஆடி மாதம் அவர் குடும்பத்தோடு அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போயிருந்தார். காலையில் சர்வரில் பிரிண்ட் வேலை ஒன்று சிக்கிக்கொண்டு டெஸ்பாட்ச் பில் எதுவும் வெளியே வரவில்லை. லாரிகள் வாசலில் நின்றன. எது சிக்கியிருக்கிறது என்று திரையில் எனக்குத் தெரிந்தது. அதை நிறுத்தினால் போதும். நிறுத்துவதற்கு ரூட் வேண்டும். எம்.டி. அவருக்குப் போன் போட்டு, "பாஸ்வேர்டைச் சொல்லுங்க, அம்மணியே பாத்துக்கட்டும்" என்றார். "அதெப்படீங்க ஐயா, போன்ல சொல்றது ஆபத்துங்க. நானே வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பிள்ளையைச் சந்தையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். மதியம் தாண்டி, பேண்ட் முழுக்கச் செம்மண் புழுதியோடு அறைக்குள் நுழைந்தார். எங்களைக் குருவி பார்க்கச் சொன்னார். ஒரே ஒரு வரி அடித்தார். பில் எல்லாம் கடகடவென்று வந்தது.

"கடமைன்னா இதானப்பா" என்று எம்.டி. எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். லாரி டிரைவர்கள் காலையிலிருந்து பட்டினி என்பதை யாரும் பேசவில்லை. அவர் எனக்கு அந்தியூர்ப் பொரியும் கடலையும் கொண்டுவந்திருந்தார். அதை நான் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி அந்த வார்த்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லினக்ஸில் கட்டளைகள் எல்லாம் குட்டிக் குட்டி ஆங்கிலச் சொற்கள். பல சொற்களை உடைத்துப் பாதிதான் வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாக நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ள வசதி உண்டு. ஒரு வரி எழுதினால் போதும், பட்டப்பெயர் வைப்பது போலத்தான். அவர் எங்கள் சர்வரில் எல்லாக் கட்டளைக்கும் தமிழில் பட்டப்பெயர் வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், ஆனால் சொல் தமிழ். 'பாரு' என்று அடித்தால் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று காட்டும். 'தேடு' என்றால் தேடும். 'கூட்டு' என்றால் ஒரு இடத்தில் இருக்கும் ஃபைல்களின் அளவையெல்லாம் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். எம்.டி.க்கு இதில் அடங்காத பெருமை. வெளியூர் டீலர் யார் வந்தாலும் அழைத்து வந்து, "நம்ம கம்பெனில கம்ப்யூட்டரே தமிழ்ல ஓடுதுங்க" என்று காட்டுவார். டீலர்கள் வாயைப் பிளப்பார்கள்.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. கையில் வழுக்கிக்கொண்டு போகிற சொற்கள் இல்லை, நம் வாயில் இருக்கிற சொற்கள். வேகமாகக் கற்றுக்கொண்டேன். நாளாக நாளாக ஒன்று உறைத்தது. உண்மையான சொற்களை அடித்தால் எங்கள் லாகினில் எதுவும் நடக்காது. அவற்றை அவர் அடைத்து வைத்திருந்தார். "அதெல்லாம் எதுக்குங்க அம்மணி, தமிழ்லயே சுலுவா இருக்குதுங்களே" என்றார். அந்த அறைக்கு வெளியே உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாத ஒரு மொழியை நான் படித்துக்கொண்டிருந்தேன். வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனால் ஊமையாக உட்கார்ந்திருப்பேன்.

போகும் எண்ணமும் அப்போது இல்லை, ஏனென்றால் பெரியநாயக்கன்பாளையத்தில் புது யூனிட் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே ஒரு சர்வர், அதற்கு ஒரு பொறுப்பாளர். எம்.டி. என்னை அழைத்து, "நீங்க அந்தப்பக்கந்தானுங்களே அம்மணி, நீங்களே பாத்துக்கங்க" என்றார். திறப்பதற்கு முன்பு ஒருநாள் ஒத்திகை, அதில் பழைய யூனிட்டின் டீலர் விவரங்களைப் புது மிஷினுக்கு மாற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போய்ப் பையனிடம், இனிமேல் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வாசலில் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

புது சர்வரைத் தயார் செய்தவர் அவர்தான். ஒத்திகை நாள் காலையில் அதிசயமாக, "இன்னைக்கு எல்லாம் உங்க கையிலதானுங்க அம்மணி" என்று சொல்லி என் லாகினுக்கு எழுதும் அனுமதியும் கொடுத்தார். எத்தனையோ நாள் கேட்டும் கிடைக்காதது. எனக்குக் கண் கலங்கியது. மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

எம்.டி.யும் புது யூனிட் மேனேஜரும் பின்னால் நின்றார்கள். நான் எல்லாவற்றையும் மாற்றினேன். 'பாரு' அடித்தேன். வரிசையாக எல்லா ஃபைலும் வந்திருந்தன. "மொத்தம் எவ்வளவு வந்திருக்குது?" என்று எம்.டி. கேட்டார். யாராக இருந்தாலும் அதைக் கேட்பார்கள். நான் 'கூட்டு' அடித்தேன்.

எண் வரவில்லை. கர்சர் கொஞ்ச நேரம் நின்று துடித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தது. திரும்ப 'பாரு' அடித்தேன். ஒன்றுமே இல்லை. துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது.

"என்னாச்சுங்க?" என்றார் எம்.டி. எம்.டி.க்குப் பின்னால் நின்றிருந்த அவர் முன்னால் வந்தார். திரையைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"கூட்டுன்னா கூட்டறதுதானுங்களே அம்மணி. ஊட்டுல வாசல் கூட்டறதில்லீங்களா?"

புது மிஷினில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார். எண்ணைக் கூட்டுவது இல்லை, குப்பையைக் கூட்டுவது. அடித்தால் அந்த இடத்தையே பெருக்கித் தள்ளிவிடும். மேனேஜர் சிரித்துவிட்டார். எம்.டி.யும் சிரித்தார். "பழக்க தோசமுங்க. பொம்பளைங்க கைக்கு வெளக்குமாறுதான வருது" என்று மேனேஜர் சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. "பாவமுங்க, தெரியாம பண்ணிப்போட்டாங்க. அவங்கள ஒன்னும் சொல்லாதீங்க. காலைலயே நான் ஒரு பேக்கப் எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றார். எல்லாரையும் ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார். அந்தப் புது அறையில் ஜன்னலுக்கு வெளியே மரமே இல்லை, காம்பவுண்டுச் சுவர்தான். எல்லாரும் சுவரைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லா ஃபைலும் திரும்ப வந்தன. "சாமி மாதிரி வந்து காப்பாத்துனீங்க" என்று மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் எம்.டி.யிடம், என் எதிரிலேயே, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "அம்மணி நல்லாத்தானுங்க செய்யறாங்க. ஆனா தனியா உட்டா பயந்துக்குவாங்க. இன்னும் கொஞ்ச நாள் எங்கூடவே இருக்கட்டுங்களே." எம்.டி. தலையாட்டினார். முடிந்தது. என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்த நாற்காலி அந்த ஒரு தலையாட்டலில் போய்விட்டது.

அன்று மாலை சர்வர் அறைக்குத் திரும்பிய பிறகு நேராகவே கேட்டேன். "வேணும்னே மாத்தி வெச்சீங்களா?"

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு நான் கெடுதல் நெனப்பனுங்களா? புது மிஷினுங்க, புதுசா வெச்சனுங்க. அடிக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

"இன்னைக்கு மட்டும் எதுக்கு எழுதற அனுமதி குடுத்தீங்க? காலைல எதுக்கு பேக்கப் எடுத்தீங்க?"

"நல்லவேளை எடுத்தனுங்க" என்றார். சீரகத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "தண்ணி குடிக்கறீங்களா அம்மணி? நெம்ப சோந்துபோய்ட்டீங்க."

கத்துகிற ஆளிடம் திருப்பிக் கத்தலாம். பையனிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. வாசலில் நிற்க முடியாது கண்ணு என்றபோது அவன் அழவில்லை, "சரி" என்றான். அவருடைய கணக்கில் அந்தச் 'சரி'யையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

புது யூனிட்டுக்குப் பிறகு வேறொரு பையனைப் போட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எதற்கெடுத்தாலும் அவருக்கே போன் போட்டான். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. நானே கேட்டு பில்லிங் பிரிவுக்குப் போய்க் கொஞ்ச நாள் எண்களை அடித்துக்கொண்டிருந்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். விடைபெறும்போது, "நம்ம பக்கம் வந்தா கண்டிப்பா வரோணுமுங்க" என்றார்.

அப்புறம்தான் படித்தேன். யாரோ போட்டுவிட்டுப்போன ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, அதில் லினக்ஸை ஏற்றினேன். கெடுத்தேன். திரும்ப ஏற்றினேன். எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் அதைக் கெடுத்ததற்கும் திருத்தியதற்கும் கணக்கே இல்லை. அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. அந்த சிஸ்டத்துக்குள்ளேயே அதன் பாடப்புத்தகம் இருக்கிறது. எந்தக் கட்டளை என்ன செய்யும், எப்படி அடிக்க வேண்டும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அதையே கேட்கலாம். கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்லும். எழுதியவர்கள் யாரென்று அடியில் பெயரும் போட்டிருக்கும். யாரோ எங்கோ உட்கார்ந்து, முகம் தெரியாத எனக்காக, இதை அடித்தால் அழிந்துவிடும் என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் சர்வரில் அவர் முதலில் அடைத்து வைத்தது அதைத்தான். அவர் செய்த மற்ற எதையாவது ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கீழே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ரூட் யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. யார் எப்போது எடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போன தை மாதம் சோமனூரில் ஒரு கல்யாணம், என் அம்மா வழிச் சொந்தம். மண்டபத்தில் பந்திக்கு இடம் பார்த்து உட்கார்ந்தேன். "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா?" என்று எதிர் வரிசையிலிருந்து குரல். மீசை நரைத்திருந்தது, மற்றபடி அப்படியே இருந்தார், அதே முழுக்கைச் சட்டை. பக்கத்தில் கல்லூரி போகிற வயதில் ஒரு பெண். அவர் மகள். அந்தியூர்ச் சந்தையில் விட்டுவிட்டு வந்தாரே, அந்தப் பிள்ளைதான்.

அவளிடம் என்னைக் காட்டி, "பெரிய ஆளுங்க கண்ணு இவங்க. அப்பாகிட்டக் கத்துக்கிட்டவங்கதான்" என்றார்.

இலையில் விழுந்த பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பந்தியில் எழுந்திருக்கக் கூடாதே என்பதற்காக மட்டும்தான் இருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்தது. அவளும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாளாம். "அக்கா, எங்க ஊட்டுலயும் லினக்ஸ் இருக்குதுங்க்கா. ஆனா எனக்கு கெஸ்ட் அக்கவுண்டுதான். எதும் இன்ஸ்டால் பண்ண முடியாதுங்க்கா. ப்ராஜெக்ட்டுக்கு காலேஜ் லேப் மூடற வரைக்கும் அங்கயே உக்காந்திருக்கறேன்."

அவர் சிரித்தார். "சின்னப் புள்ளைங்க. எதையாச்சும் அழிச்சுப்போட்டான்னா என்ன பண்றதுங்க? சொல்லித் தாரேன்னுதான் சொல்லியிருக்கறேன். நேரம் வரோணுமுங்களே."

சொந்த வீட்டில், பெற்ற பெண்ணுக்கு, விருந்தாளிக் கணக்கு. எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு நொடி அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். என் பையன் 'சரி' என்றபோது இருந்த அதே முகம். இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"கண்ணு, மிஷின் உன்ற கைக்கு எட்டற எடத்துலதான இருக்குது?"

"ஆமாங்க்கா. ஹால்லதான்."

"அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. அது எந்திரிக்கறப்ப கருப்புத் திரைல ஒரு மெனு வரும், வரலீன்னா ஷிஃப்டை அமுத்திப் புடிச்சுக்கோ. அந்த மெனுல ஈ-ன்னு ஒரு எழுத்தை அமுத்துனா, எப்படி எந்திரிக்கோணும்னு நீ அதுக்குச் சொல்லலாம்." அந்த இடத்தில் எந்த வரியைத் தேட வேண்டும், அதன் கடைசியில் என்ன சேர்க்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்பறம் ரூட்டுக்குப் புதுப் பாஸ்வேர்டு நீயே வெச்சுக்கலாம்."

"பழசைக் கேக்காதுங்களாக்கா?"

"கேக்காது. அந்த நேரத்துல அதுக்கு யாரையும் தெரியாது கண்ணு. மிஷினுக்கு எதுக்கால உக்காந்திருக்கறவங்கதான் ரூட்."

அவர் கையில் சோறு அப்படியே நின்றது. "ரசம் வருதுங்க அம்மணி, சாப்பிடுங்க" என்றார். பரிமாறுகிறவரைக் கையால் அழைத்தார். "கண்ணு, நீயும் சாப்புடு, கார்ல போறப்ப அப்பா சொல்றேன்" என்றார்.

அந்தப் பெண் இடது கையால் மடியிலிருந்த போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே விரலால் அடித்துக்கொண்டே, "கடைசில என்ன சேக்கோணும்னீங்க்கா?" என்று கேட்டாள்.

திரும்ப முதலிலிருந்து சொன்னேன், எழுத்து எழுத்தாக, எதிர் வரிசை முழுக்கக் கேட்கும்படி.